இரண்டு ச

பெட்ரோல் பங்கின் வெள்ளை விளக்குக்குக் கீழே வந்து இறங்கியதும் மருந்துக்கடையம்மா செய்த முதல் காரியம், சைக்கிளைச் சுவரோடு ஒட்டி நிறுத்தியதுதான். அதுவும் வலப்பக்கம் சுவரைப் பார்க்கும்படி. விடிகாலை மணி ஐந்தரை. ஒன்பது நாள் பயணத்தின் முதல் நாள். முன்னால் அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், கடைசியில் கடல். ஐம்பத்தேழு வயதில் இப்படி ஒரு காரியத்துக்குக் கிளம்பியவள் சக்கரத்தில் காற்று இருக்கிறதா, புட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவளோ ஒரு பையை ஒளித்து வைப்பதில் மும்முரமாக இருந்தாள்.

சொன்ன நேரத்துக்கு, ஐந்தே முக்காலுக்கு, டெய்லரம்மா வந்து சேர்ந்தார். தலைக்கவசத்துக்கு உள்ளே ஒரு பூப்போட்ட துணி, அதற்குள் காதுகள், கழுத்தில் விசில். அவர் எங்கே போனாலும் அவரோடு ஒரு சத்தமும் போகும். இன்றைக்கு அது குறைவாக இருந்தது.

"வந்து ரொம்ப நேரமாச்சா?"

"இல்ல, இப்பதான்."

அவ்வளவுதான். கேட்பவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை. ஆனால் நாலரை வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே பங்கில் இதே கேள்வி, "வந்து ரொம்ப நேரமாச்சா சம்பந்தி?" என்றுதான் வரும். "இப்பதான் சம்பந்தி" என்று பதிலும் போகும். இரண்டு வாக்கியத்துக்கும் இன்று வால் இல்லை.

விஷயம் இதுதான். மருந்துக்கடையம்மாவின் மகனும் டெய்லரம்மாவின் மகளும் கணவன் மனைவியாக இருந்தார்கள். போன மாதம் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்துவிட்டார்கள். அடிதடி, கூச்சல் எதுவும் கிடையாது. இரண்டு பேரும் தனித்தனியாகத் தங்கமான பிள்ளைகள். ஒரே வீட்டில் போட்டால் மட்டும் ஒத்து வரவில்லை. அவன் வேலை பார்க்கும் ஊரிலேயே இருந்துகொண்டான், அவள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். பிள்ளைகள் கதை அத்தோடு முடிந்தது. முடியாமல் நின்றது இந்த இரண்டு அம்மாக்களின் கதைதான்.

கல்யாணம் பேச முதல்முறை போனபோதே மருந்துக்கடையம்மா மாப்பிள்ளையின் அம்மாவுக்கு உண்டான மிடுக்கையெல்லாம் வாசலிலேயே விட்டுவிட்டாள். காரணம், அங்கே ஒரு சைக்கிள் நின்றது. சங்கிலியில் புது எண்ணெய், பின்னால் அளவாகத் தைத்த சீட் உறை. "இது யாரு ஓட்டறது?" என்று கேட்டாள். "நான்தான்" என்றார் பெண்ணின் அம்மா. தானும் கடைக்குச் சைக்கிளில்தான் போவதாக இவள் சொல்ல, உள்ளே பிள்ளைகளின் சம்பளம், படிப்பு என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்க, வாசலில் இவர்கள் இருவரும் பிரேக் கட்டையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு ஞாயிறுதோறும் இருபது, முப்பது, நாற்பது கிலோமீட்டர். பிறகு இந்தக் கடல் பயணம் என்கிற பைத்தியக்காரத்தனம். ஒன்றரை வருஷத் திட்டம்.

"கல்யாணமே இல்லைன்னு ஆயிடுச்சு, இன்னும் அவங்களோட உனக்கு என்ன சைக்கிள் சவாரி?" என்று தங்கை ஃபோனில் கேட்டாள். மருந்துக்கடையம்மா ஃபோனை வைத்துவிட்டாள். ஆனால் கேள்வியை அப்படி வைக்க முடியவில்லை. கோர்ட்டுக்குப் பிறகு ஞாயிறு சவாரி நின்றிருந்தது; கிளம்ப வேண்டிய வாரம் அவளே செய்தி அனுப்பினாள்: "ஞாயிறு கிளம்பறோம்தானே?" பதில் வந்தது: "ஆமா. 5.45." இருபத்தெட்டு வருஷமாக டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் பிழைக்கிறவள் அவள். அச்சடித்த மாதிரி வந்த இந்த ஒரு வரியை அவளால் படிக்க முடியவில்லை. ஆசையா, மரியாதையா?

அதற்கும் முன்னால் கோர்ட் படியில் ஒன்று நடந்தது. கையெழுத்தெல்லாம் முடிந்து இறங்கும்போது அந்தப் பெண் இவள் பக்கம் வந்து, "வரேன் அத்…" என்று ஆரம்பித்து, நிறுத்தி, "வரேன் ஆன்ட்டி" என்றாள். ஆன்ட்டி! மருந்துக்கடைக்கு வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவள் ஆன்ட்டிதான். நாலரை வருஷம் அத்தையாக இருந்துவிட்டு அந்தக் கும்பலில் போய் நிற்பது எவ்வளவு வலிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளுக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கும். மகனிடம் சொல்லாவிட்டாலும் அதுதான் உண்மை.

அந்த வலியிலிருந்துதான் பை விவகாரம் பிறந்தது.

பைகளை டெய்லரம்மா தைத்தார். கூடாரத் துணியில், சாம்பல் நிறத்தில், பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் தொங்குகிற மாதிரி ஆளுக்கு ஒரு ஜோடி. தையலுக்கெல்லாம் மெழுகு தேய்த்து, சொட்டுத் தண்ணீர் போகாது என்று கையடித்துக் கொடுத்தார். மாறிப் போகக் கூடாதே என்று வலப்பக்கப் பையில் மஞ்சள் நூலால் ஓர் எழுத்து. அது திட்டம் போட்ட புதிதில், எல்லாம் சரியாக இருந்த காலம். மருந்துக்கடைக்குக் கொண்டு வந்து காட்டியபோது ஒரு பையில் "ச" இருந்தது. இன்னொன்றிலும் "ச" இருந்தது.

"இதுல எது என்னோடது?" என்று இவள் கேட்டாள்.

"ச போட்டிருக்கே, அது உங்களோடது. சம்பந்தி."

"அப்ப அது?"

டெய்லரம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றைத் தைக்கும்போது தான் இவளைக் கூப்பிடுவதை நினைத்திருக்கிறார். மற்றதைத் தைக்கும்போது இவள் தன்னைக் கூப்பிடுவதை. அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், மருந்து வாங்க வந்தவர் அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார்.

போன புதன்கிழமை மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம், மருந்துக்கடையம்மா பையை மேஜைமேல் வைத்துக்கொண்டு சின்ன இடுக்கியாலும் பிளேடாலும் அந்த எழுத்தைப் பிரித்தாள். மகளே அத்தையை ஆன்ட்டியாக்கிவிட்டாள், தாய்க்கு இந்த "ச"வைப் பார்த்தால் எவ்வளவு சங்கடமாக இருக்கும், நாம் முந்திக்கொள்வோம் என்று நினைத்தாள். நல்ல எண்ணம்தான். ஆனால் நூல் போன பிறகுதான் தெரிந்தது, அந்தத் துணியில் ஊசித் துளை மூடாது. நூலில் இருந்த எழுத்து இப்போது துளையில் இருந்தது. நகத்தால் தேய்த்துப் பார்த்தாள், சுடுதண்ணீர் வைத்துப் பார்த்தாள். கடைசியில் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். அலமாரியிலிருந்து அகலமான பிளாஸ்திரி ஒன்றை எடுத்து ஒட்டினாள்.

இப்போது டெய்லரம்மா குனிந்து இவள் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு, பழக்கப்படி சைக்கிளைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். சுவருக்கும் சைக்கிளுக்கும் நடுவில் எட்டிப் பார்த்தவர் நின்றார்.

"பைக்கு என்ன, அடிபட்டுடுச்சா?"

"ஆமா. கொஞ்சம் கிழிஞ்சு போச்சு."

"அந்தத் துணி கிழியாதே," என்றார் டெய்லரம்மா. தைத்தவருக்குத் தெரியாதா? பிறகு கையைத் தட்டிக்கொண்டு, "சரி, கிளம்பலாம். வெயில் ஏறிடும்," என்றார். அவர் பையில் மஞ்சள் "ச" விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று இருந்தது. அதை அவர் பிரிக்கவில்லை. மருந்துக்கடையம்மாவுக்கு அப்படியே பின்னால் திரும்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது.

முதல் இரண்டு மணி நேரம் சாலை நன்றாக இருந்தது. நகரம் விட்டு, சரக்குக் கிட்டங்கிகள் விட்டு, இரு பக்கமும் வயல். சுமையோடு ஓட்டுவது வேறு மாதிரி என்பது உடம்புக்குப் புரிய ஒரு பத்து கிலோமீட்டர் பிடித்தது; கிளம்பும்போது பின்னால் யாரோ பிடித்து இழுக்கிறார்கள், ஓட ஆரம்பித்தால் யாரோ தள்ளுகிறார்கள். எட்டு மணிக்கு ஒரு மரத்தடியில் ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். சாதாரணமாக டெய்லரம்மா சாப்பிடும்போதும் பேசுவார், முழுங்கும்போது மட்டும் இடைவேளை. இன்று முட்டை ஓட்டை உரித்து ஒரு தாளில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உப்பு வேணுமா?"

"குடுங்க."

உப்பைக் கொடுத்தாள். கூப்பிடாமலே ஒருவரோடு நாள் முழுக்கப் பேசிவிடலாம் என்பது மருந்துக்கடையம்மாவுக்குப் புதுப்பாடம். "இங்க பாருங்க", "தண்ணி இருக்கா", "அந்தப் பம்பைக் குடுங்க" என்று எல்லாவற்றையும் மொட்டையாகவே சமாளித்தாள். ஓட்டிக்கொண்டே மனசுக்குள் வேறு பெயர்களைப் போட்டுப் பார்த்தாள். அக்கா என்றால், டெய்லரம்மா ஐந்து மாதம் இளையவர். மேடம் என்றால் அடுத்த நிமிஷமே அவர் சைக்கிளைத் திருப்பிவிடுவார். சொந்தப் பெயர் தெரியும், கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்திருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட நாக்கு எழவில்லை. ஒரு கையெழுத்தில் ஓர் உறவு போய்விட்டது, சரி. அந்த இடத்தில் வைக்க மொழியில் வேறு ஒரு வார்த்தைகூடவா இல்லை? அவளுக்குக் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியாததால் மிதியை ஓங்கி மிதித்தாள்.

இவர்கள் ஓட்டுவதில் ஒரு முறை உண்டு. டெய்லரம்மாவுக்குக் கால் வேகம், அதனால் அவர் முன்னால். வரைபடம் மருந்துக்கடையம்மாவிடம், அதனால் அவள் பின்னால். முன்னால் போகிறவர் கூப்பிடும்வரை போய்க்கொண்டே இருப்பார். திருப்பம் வந்தால் பின்னாலிருந்து "சம்பந்தி, இடது!" என்று ஒரு குரல். விசில் டெய்லரம்மாவின் கழுத்தில் இருந்தது, அவர் ஃபோன் பிளாஸ்டிக் உறைக்குள் பையின் அடியில் இருந்தது. நாலரை வருஷமாக வேறெதுவும் தேவைப்பட்டதில்லை.

பகல் ஒரு மணிவாக்கில் சாலை இரண்டாகப் பிரிந்தது. இரவு தங்க வேண்டிய ஊருக்கு இடது பக்கம். நேராகப் போவது ஒரு நீண்ட இறக்கம். டெய்லரம்மா இருநூறு அடி முன்னால், தலை குனிந்து, நேராகப் போய்க்கொண்டிருந்தார்.

மருந்துக்கடையம்மா வாயைத் திறந்தாள். "ச" என்று உதடு வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது.

மணியை அடித்தாள். சாலையில் மணியா இல்லை? இன்னும் ஓங்கி அடித்தாள். டெய்லரம்மா இறக்கத்தைத் தொட்டுவிட்டார். பிறகு, வேறு வழியில்லாமல், தொண்டை கிழிய, "ஏங்க!" என்று கத்தினாள்.

ஓரத்தில் தர்ப்பூசணி விற்றுக்கொண்டிருந்தவர் திரும்பினார். "என்னம்மா?"

"உங்கள இல்லைங்க."

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி இவளை ஏற இறங்கப் பார்த்தார். அதற்குள் டெய்லரம்மாவின் பூப்போட்ட துணி இறக்கத்தின் வளைவில் மறைந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பார். அந்த ஒரு வார்த்தைக்காகத் திரும்பி ஏற வேண்டிய ஐந்து கிலோமீட்டர் மேட்டை மருந்துக்கடையம்மா பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். பாதி இறக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது.

கீழே ஒரு பஸ் நிறுத்தத்தின் கூரைக்கடியில் டெய்லரம்மா நின்றிருந்தார். சைக்கிள் துடைத்து, சாய்த்து, எல்லாம் ஒழுங்காக. வெகுநேரமாக நிற்பவர் போல.

"இது வழியில்ல," என்றாள் மருந்துக்கடையம்மா மூச்சு வாங்கியபடி.

"தெரியும். பாதி இறக்கத்துலயே தெரிஞ்சு போச்சு. தண்டவாளம் வரணும்னு சொல்லியிருந்தீங்க, வரல."

"அப்புறம் ஏன் நிக்கல?"

"நீங்க கூப்பிடுவீங்கன்னு பார்த்தேன்."

மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. மருந்துக்கடையம்மா முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஈரம் வந்துகொண்டிருந்தது.

"கூப்பிட்டேனே."

"என்னன்னு?"

"…ஏங்கன்னு."

டெய்லரம்மாவின் தோள் குலுங்கியது. காலையிலிருந்து அடக்கி வைத்த அத்தனை சத்தமும் அந்தக் கூரைக்கடியில் வெளியே வந்தது. "ஏங்கவா? முப்பது வருஷமா உங்க வீட்டுக்காரரக் கூப்பிடற ஏங்கவா?" தர்ப்பூசணிக்காரர் கதையையும் இவள் சொன்னதும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மருந்துக்கடையம்மாவும் சிரித்தாள். அப்போது டெய்லரம்மாவின் கண் இவள் பைமேல் விழுந்தது. பிளாஸ்திரி ஈரத்தில் ஊறி, ஒரு முனையில் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது. அடியில் துளைகள். சிரிப்பு நின்றுவிட்டது.

"தள்ளிட்டே ஏறிடலாம்," என்றார் டெய்லரம்மா. "நின்னா இருட்டிடும்."

ஐந்து கிலோமீட்டர் மேட்டை மழையில் இருவரும் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். பக்கம் பக்கமாக. சொல்லிவிட வேண்டும் என்று மருந்துக்கடையம்மா ஒவ்வொரு வளைவிலும் நினைத்தாள். அடுத்த வளைவில் சொல்லலாம் என்று ஒவ்வொரு வளைவிலும் விட்டாள்.

விடுதி அறை சின்னது. இரண்டு கட்டில், ஒரு மேஜை, ஜன்னலுக்குக் குறுக்கே ஒரு கயிறு. மணி ஐந்தரைதான், ஆனால் மழை மேகத்தில் அறை மங்கிக் கிடந்தது. போதாக்குறைக்கு மின்சாரமும் போயிற்று. மருந்துக்கடையம்மா வலப்பக்கப் பையைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்தாள். சட்டை, துண்டு, உள்ளாடை, காலுறை; எல்லாம் பிழிந்தால் சொட்டுகிற ஈரம். இடப்பக்கப் பையில் மாத்திரை டப்பாக்கள் சொட்டு ஈரமில்லாமல் இருந்தன. எதிர்க்கட்டிலில் டெய்லரம்மா தன் பையிலிருந்து மொடமொடவென்ற ஒரு துண்டை எடுத்து இவளிடம் நீட்டினார்.

"நான்தான் பிரிச்சேன்," என்றாள் மருந்துக்கடையம்மா, துண்டை வாங்காமல்.

"தெரியும். காலைலயே தெரியும்."

"உங்களுக்குப் பார்த்தா கஷ்டமா இருக்குமேன்னுதான் பிரிச்சேன். கோபத்துல இல்ல. அன்னிக்குப் படியில உங்க பொண்ணு என்னை ஆன்ட்டின்னா. சரி, இனிமே அப்படித்தான் போலன்னு…"

டெய்லரம்மா துண்டை அவள் மடியில் போட்டார். "பேப்பர்ல கையெழுத்து போட்டதுக்குக்கூட அவ அழல. வீட்டுக்கு வந்து இதுக்குத்தான் அழுதா. அத்தைன்னு சொன்னா உங்களுக்கு வலிக்குமோன்னு மாத்திச் சொன்னாளாம். சொல்லிட்டு, ஏன்டி சொன்னோம்னு ராத்திரியெல்லாம் ஒரே அழுகை."

மருந்துக்கடையம்மா துண்டில் முகத்தை வைத்துக்கொண்டாள். தலை துவட்டுவது போலத்தான் ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் அவள் அழுதாள், அதை டெய்லரம்மா பார்க்காத மாதிரி ஈரத் துணிகளைக் கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்களும்தான் கூப்பிடல," என்றாள் இவள், துண்டுக்குள்ளிருந்து. "பிளாஸ்திரியப் பார்க்கறதுக்கு முன்னாடியே கூப்பிடல."

"ஆமா. பயமா இருந்துச்சு." காலுறையை உதறினார். "நான் கூப்பிட்டு, நீங்க திரும்பக் கூப்பிடலைன்னா?"

"இப்ப அந்த வார்த்தை செல்லுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன ஜட்ஜா?" என்றார் டெய்லரம்மா. பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போது அவர் குரலில் தொழில் வந்துவிட்டது. "நாளைக்கும் மழைன்னு சொல்றாங்க. இப்படியே போனா நாளைக்கும் இதே கதைதான்."

"உங்க பையிலயும் துளை இருக்கே, அது ஏன் ஒழுகல?"

"அதுல நூல் இருக்கு. பருத்தி நூல், நனைஞ்சா ஊதிக்கிட்டு துளைய அடைச்சுக்கும். நூல் இல்லாத துளைதான் ஒழுகும்." தன் தையல் டப்பாவைத் திறந்து மஞ்சள் நூல்கண்டை எடுத்தார். ஊசியில் நூலைக் கோத்து, பல்லால் கடித்து, முடிச்சுப் போட்டு, அதை மருந்துக்கடையம்மாவிடம் நீட்டினார்.

"எனக்குத் தைக்கத் தெரியாது. பட்டன்கூட நீங்கதான் வச்சுத் தருவீங்க."

"பிரிக்கத் தெரிஞ்சுதே. துளை போட்டாச்சு, அது வழியா போய் வந்தாப் போதும்."

"இருட்டுல எங்க தெரியுது துளை?"

டெய்லரம்மா சைக்கிளிலிருந்து கழற்றி வந்த விளக்கைப் போட்டுப் பைக்குள் கையோடு விட்டார். சாம்பல் துணி கறுத்துப்போய், அதில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் எழுந்தது. அறையின் இருட்டில் அந்த எழுத்து மட்டும் நின்றது.

"எங்கேருந்து ஆரம்பிக்கணும்?"

"எழுதறப்ப எங்கேருந்து ஆரம்பிப்பீங்க?"

மருந்துக்கடையம்மா துணியை விரலால் தடவி, எழுத்தின் இடப்பக்க முனையைக் கண்டுபிடித்தாள். ஊசி இரண்டு தடவை தப்பி, மூன்றாவது தடவை உள்ளே போயிற்று. அந்தப் பக்கம் விளக்கைப் பிடித்திருந்த விரல்கள் ஊசி முனையைப் பிடித்து இழுத்து, அடுத்த துளை வழியாகத் திருப்பி அனுப்பின. நூல் இறுகியது. முதல் புள்ளி அணைந்தது, பிறகு அதற்கு அடுத்தது.